பெயின்ட் செலவு என்று அட்வான்ஸைப் பிடித்தால்?

கேள்வி: நான்கு வருஷமாக இருந்த வாடகை வீட்டை அடுத்த மாதக் கடைசியில் காலி செய்கிறோம். பெயின்ட் செலவுக்காக அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொள்வேன் என்கிறார் ஓனர். குடிவந்தபோது நாங்கள் போட்டோ எதுவும் எடுத்து வைக்கவில்லை. கடைசி மாத வாடகையைக் கொடுக்காமல் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். அவர் எழுத்தில் சம்மதிக்காமல் வாடகையை நிறுத்தினால், வாடகை பாக்கி வைத்தவர் என்ற பேர்தான் மிஞ்சும். உங்கள் பக்க நியாயம் எடுபடாது.

நான்கு வருஷம் ஆள் புழங்கிய வீட்டில் சுவர் மங்கத்தான் செய்யும். அந்தத் தேய்மானத்தை உங்கள் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. குழந்தை கிறுக்கிய சுவர், உடைந்த வாஷ்பேசின் போன்றவை சேதம். அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. ஆனால், காலி செய்யும்போது பெயின்ட் அடித்துத் தருவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. முதலில் அதை எடுத்து நிதானமாகப் படியுங்கள். அப்படியே இருந்தாலும், ஆன செலவுக்கு பில் கேளுங்கள். பாதி என்று குத்துமதிப்பாகச் சொல்வதை ஏற்காதீர்கள்.

போட்டோ இல்லை என்று கவலைப்பட வேண்டாம். குடிவந்த புதிதில் எடுத்த குடும்பப் படங்களில் பின்னால் சுவர் தெரியும். குழாய் ஒழுகுவதாக அப்போது ஓனருக்கு அனுப்பிய மெசேஜும் ஆதாரம்தான்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. சாவி கொடுப்பதற்குப் பத்து நாள் முன்பே ஓனரைக் கூப்பிட்டு, அறை அறையாகக் காட்டுங்கள். என்னென்ன குறை என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். அதை எழுதி அன்றைக்கே அவருக்கு அனுப்பிவிடுங்கள். ஆணி ஓட்டைக்குப் பட்டி வைப்பது, சமையலறை டைல்ஸில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது எல்லாம் நீங்களே ஆள் வைத்துச் செய்தால் பெரும்பாலும் குறைவாகத்தான் முடியும். பிறகு அவர் புதிதாக ஏதாவது சேர்த்தால், அன்று ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம்.

சாமானை ஏற்றிய பிறகு, பெருக்கித் துடைத்த வெறும் வீட்டை வாசலிலிருந்து ஒரே வீடியோவாக எடுங்கள். குழாயைத் திறந்து காட்டுங்கள், லைட்டைப் போட்டுக் காட்டுங்கள், கரன்ட் மீட்டரின் எண் தெளிவாகத் தெரியட்டும். அப்புறம் எத்தனை சாவி கொடுத்தீர்கள், மீட்டர் ரீடிங் என்ன, எவ்வளவு பணம் எந்தத் தேதிக்குள் திரும்ப வரும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அவர் மறுத்தால் அதே விவரத்தை அவருக்கு மெசேஜாக அனுப்பி வையுங்கள். பணம் கைக்கு வராமல், முழுவதும் பெற்றுக்கொண்டதாக மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.