குறிப்புத் தாள் கையில், பிழை திரையில்: வாசகர் கேள்வி – பதில்

நிரல்மொழிகளுக்கான ‘சீட் ஷீட்’, அதாவது ஒரு பக்க விரைவுக் குறிப்புத் தாள்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட் குறிப்புத் தாள் ஒன்றை மேசைக்கு எதிரே ஒட்டிவைத்துப் படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் புரிகிறது. அதைப் பார்த்து நிரல் எழுதினால் மட்டும் தப்பாகவே வருகிறது. ஏன்?

பதில்: தாளைப் பாடப்புத்தகமாக எடுத்துக்கொண்டதுதான் காரணம். ஏற்கெனவே கற்றவருக்குக் கமா எங்கே, அடைப்பு சதுரமா வளைவா என்று மறந்துபோனால் எடுத்துக்கொடுக்க உருவானது அது. எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் அடக்க வேண்டும் என்பதால் முதலில் வெட்டுப்படுவது விளக்கம். அதிலும் இரண்டு தகவல்கள் பெரும்பாலும் விடுபட்டுவிடும்: அந்த வரி மூலத் தரவை மாற்றுமா, அது திருப்பித் தருவது என்ன.

உங்கள் தாளிலேயே ‘ஸ்லைஸ்’, ‘ஸ்ப்ளைஸ்’ இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். இரண்டுக்கும் நேராக ‘ஒரு பகுதியை எடுக்க’ என்றுதான் போட்டிருப்பார்கள். [10, 20, 30, 40, 50] என்ற பட்டியலில் ஸ்லைஸ்(1, 3) கொடுத்தால் [20, 30] கிடைக்கும். பட்டியல் அப்படியே இருக்கும். இடங்களை 0 இலிருந்து எண்ண வேண்டும்; இங்கே 3 என்பது நிற்க வேண்டிய இடம். ஸ்ப்ளைஸ்(1, 3) கொடுத்தால் [20, 30, 40] வரும். மூலப் பட்டியல் [10, 50] என்று சுருங்கிவிடும். இங்கே 3 என்பது எத்தனை உறுப்பு என்ற எண்ணிக்கை. அடைப்புக்குள் இருப்பது ஒன்றேதான், பொருள் வேறு. பைத்தானில் இதே வகைக் குழி ‘சார்ட்’, ‘சார்ட்டட்’. முதலாவது பட்டியலை அங்கேயே வரிசைப்படுத்திவிட்டு ‘நன்’ என்ற வெற்று மதிப்பைத் தரும். இரண்டாவது புதுப் பட்டியல் தரும். முதலாவதன் விடையை அதே மாறியில் போட்டுக்கொண்டால் பட்டியலே போய்விடும். பிழைச் செய்தியோ பத்து வரி தள்ளி வேறெங்கோ வரும்.

ஆகவே தாளில் உள்ள வரியை நான்கைந்து உறுப்புள்ள பட்டியலில் ஒருமுறை ஓட்டுங்கள். வந்த விடையை அச்சிடுங்கள், பழைய பட்டியலையும் அச்சிடுங்கள். ‘மாற்றும்’ அல்லது ‘மாற்றாது’ என்று தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள். அச்சில் உள்ளதைவிட அந்தப் பென்சில் குறிப்புதான் பின்னால் அதிகம் உதவும்.

கேள்வி: பிடிஎஃப் தாளிலிருந்து நகலெடுத்து ஒட்டிய பைத்தான் வரி ஓட மறுக்கிறது. ஓர் எழுத்துகூட மாறவில்லை.

பதில்: கண்ணுக்கு மாறவில்லை. பக்கத்தை வடிவமைத்த மென்பொருள் நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாகவும், கழித்தல் குறியை நீளக் கோடாகவும் மாற்றியிருக்கும். பிழைச் செய்தியில் ‘செல்லாத எழுத்து’ என்று வந்து பக்கத்தில் யூனிகோடு எண் இருந்தால் இதுதான் கோளாறு. ‘அச்சிட இயலாத எழுத்து’ என்றால், சாதாரண இடைவெளிக்குப் பதில் வரியை உடைக்காத சிறப்பு இடைவெளி புகுந்திருக்கிறது. வரித் தொடக்க இடைவெளிகளும் நகலில் தொலைந்துபோகும். பைத்தானில் அவை இலக்கணத்தின் பகுதி. இரண்டு பத்தித் தாளாக இருந்தால் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் கலந்தே வரலாம். கையால் தட்டச்சு செய்துவிடுங்கள். ஒரு வரிதானே!

கேள்வி: பைத்தான், சி, ஆர் மூன்றிலும் மாறி மாறி வேலை. ஒவ்வொன்றுக்கும் தனித் தாள் இருந்தும் குழப்பம் தீரவில்லை.

பதில்: தனித்தனித் தாள்களில் இந்தக் குழப்பம் தெரியவே தெரியாது, ஒவ்வொரு தாளும் தன்னளவில் சரிதான். வேறு வேறாக எழுதப்படுபவை சிக்கலே இல்லை, தப்பாக எழுதினால் பிழைச் செய்தி வந்துவிடும். ஒரே மாதிரி எழுதி வேறு விடை தருபவைதான் ஆபத்து.

6 & 1 == 0 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் குறி இரு எண்களின் பிட்களை, அதாவது 0, 1 இலக்கங்களை, ஒப்பிடுவது; இரட்டைச் சமக்குறி ‘சமமா?’ என்று கேட்பது. பைத்தான் முதலில் 6 & 1 கணக்கிட்டு, வந்த 0 சமமா என்று பார்த்து ‘உண்மை’ என்று சொல்லும். சி முதலில் 1 == 0 என்பதைப் பார்க்கும்; அது பொய், அதாவது 0; பிறகு 6 & 0 போட்டு 0, ‘பொய்’ என்று சொல்லும். அடைப்புக்குறி போட்டால் இரண்டிலும் ஒரே விடைதான்.

கடைசி உறுப்பை எடுக்கும் [-1] இன்னொன்று. 10, 20, 30 உள்ள பட்டியலில் பைத்தான் 30 தரும். ஆர் மொழியில் கழித்தல் என்றால் ‘நீக்கு’. எண்ணிக்கையும் 1 இலிருந்து தொடங்குவதால் 20, 30 இரண்டும் வரும். -7 ஐ 3 ஆல் வகுத்த மீதியைச் % குறியால் கேட்டால் பைத்தானில் 2, சியில் -1. 2 ^ 3 ஆர் மொழியில் 8. மற்ற இரண்டிலும் அது பிட் கணக்கு, விடை 1. இப்படிப்பட்டவை மட்டும் உள்ள ஒரே தாள் தயாரியுங்கள்: இடப்பக்கம் வரி, அடுத்து மூன்று மொழிகளிலும் வரும் விடை. அரைப் பக்கம்கூட வராது.

கேள்வி: கையில் இருக்கும் தாள் பழையதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மூலையில் பதிப்பு எண் இல்லாவிட்டால் உள்ளடக்கமே காட்டிக்கொடுக்கும். பைத்தான் தாளில் ‘பிரிண்ட்’ அடைப்புக்குறி இல்லாமல் இருந்தாலோ 5 / 2 க்கு விடை 2 என்றிருந்தாலோ அது 2 ஆம் பதிப்பு. 2020 ஜனவரி 1 உடன் அதற்கான ஆதரவு முடிந்தது. ‘மேட்ச்’ என்ற கட்டளை இல்லையென்றால் 2021 இல் வந்த 3.10 க்கு முந்தையதாக இருக்கலாம், அதனால் பாதகமில்லை. நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்துவைக்கும் ‘கிட்’ கருவியின் தாளில் ‘ஸ்விட்ச்’, ‘ரெஸ்டோர்’ இல்லாமல் எல்லாமே ‘செக்அவுட்’ என்றிருந்தால் 2019 இல் வந்த 2.23 க்கு முந்தைய பழக்கம். செக்அவுட் இன்றும் ஓடும். ஆனால் கிளை மாறவும் அதுவே, கோப்பை மீட்கவும் அதுவே. கிளைப் பெயரின் இடத்தில் கோப்புப் பெயரைக் கொடுத்துவிட்டால் கமிட் செய்யாத, அதாவது இன்னும் பதிவுசெய்யாத மாற்றங்கள் ஒரு வார்த்தை கேட்காமல் அழியும்.

கேள்வி: சொந்தமாகப் பைத்தான் தாள் தயாரிக்கிறேன். அதில் உள்ளது சரிதானா என்று சோதிக்க வழி உண்டா?

பதில்: உண்டு, அதுவும் பைத்தானுடனேயே வருகிறது: ‘டாக்டெஸ்ட்’. தாளைச் சாதாரண உரைக் கோப்பாக எழுதுங்கள். ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் >>> குறியும் ஓர் இடைவெளியும் விட்டுத் தொடங்கி, அடுத்த வரியில் விடையை எழுதுங்கள். கட்டளைகளைத் தட்டும் முனையத்தில் பைத்தான் கட்டளைக்குப் பின் -எம், டாக்டெஸ்ட், கோப்புப் பெயர் என்று கொடுத்தால் எல்லா வரியையும் ஓட்டிப் பார்த்து, பொருந்தாதவற்றை மட்டும் காட்டும். எல்லாம் சரியென்றால் மௌனம். ஓடவில்லையோ என்று பயப்பட வேண்டாம். இருவர் இதில் தடுக்கிவிழுவார்கள்: விடைக்குப் பின் வெற்று வரி விடாமல் விளக்கம் எழுதுபவர் (விளக்கத்தையும் விடை என்றே அது எடுத்துக்கொள்ளும்), சர (எழுத்துத் தொடர்) விடையை இரட்டை மேற்கோளில் எழுதுபவர் (பைத்தான் ஒற்றை மேற்கோளில் காட்டும்). புதுப் பதிப்புக்கு மாறியதும் மறுபடி ஓட்டினால் எந்த வரி காலாவதியானது என்று தெரிந்துவிடும்.

அச்சுக்கு ஏ4, 9 புள்ளி அளவு, எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள எழுத்துரு. பூஜ்யத்தில் கோடோ புள்ளியோ உள்ள எழுத்துருவாகப் பாருங்கள். தினமும் எழுதும் வரிகளைச் சேர்க்காதீர்கள். அவை கைக்கே தெரியும்.

கேள்வி: இணையம் இல்லாத கணினியில் தேர்வு. தாள் கொண்டுபோகவும் அனுமதி இல்லை.

பதில்: விதி தடுக்காவிட்டால் மொழிக்குள் இருக்கும் உதவியே போதும். பைத்தானில் ‘டிர்’ ஒரு பொருளின் செயல்களைப் பட்டியலிடும். ‘ஹெல்ப்’ ஒன்றை விளக்கும். லினக்ஸ் கட்டளைகளுக்கும் சி நூலகச் செயல்களுக்கும் ‘மேன்’ என்ற கையேட்டுக் கட்டளை. ஒரே பெயரில் கட்டளையும் சி செயலும் இருந்தால் முதலில் வருவது கட்டளைதான், ‘பிரிண்ட்எஃப்’ அப்படிப்பட்டது. அதன் சி வடிவம் வேண்டுமானால் பெயருக்கு முன் 3 என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்குள் தேடச் சாய்கோடு போட்டுச் சொல்லை எழுதுங்கள். வெளியே வர கியூ விசை. எண்டரைத் தட்டினால் அடுத்த வரிதான் வரும்.