ரீட்டா குவாரினோ: பணம் மட்டும்தான் காரணமா?

அன்புள்ள ஐயா,

இத்தாலியப் பெண்கள் கால்பந்துப் பயிற்சியாளர் ரீட்டா குவாரினோவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கொஞ்சம் அதிகமாகப் புகழ்ந்துவிட்டீர்களோ என்று தோன்றியது. யுவென்டஸ் மாதிரி ஒரு பணக்கார கிளப் இருந்தால் யார் பயிற்சியாளராக இருந்தாலும் கோப்பை வந்திருக்குமே? ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீகில் அவர் ஒரு சுற்றுகூடத் தாண்டவில்லையே?

எம்.

அன்புள்ள எம்.,

பணம் இருந்தது உண்மைதான். பிரோண்ட்பி, பார்சிலோனா, லியோன் அணிகளிடம் மூன்று முறை முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறியதும் உண்மை. ஆனால் யார் இருந்தாலும் நடந்திருக்கும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

யுவென்டஸ் பெண்கள் அணி 2017-இல்தான் தொடங்கியது. முதல் ஆண்டே லீக் முடிவில் பிரெஷியாவும் அதே புள்ளிகளில் வந்து நின்றது. நோவாராவில் தனியாக ஓர் ஆட்டம் வைத்து, அதுவும் பெனால்டி வரை போய்த்தான் பட்டம் கிடைத்தது. அதையும் சேர்த்து வரிசையாக நான்கு பட்டங்கள். 2020-21-இல் ஆடிய 22 ஆட்டங்களிலும் வெற்றி. எவ்வளவு பணம் இருந்தாலும், மழையிலும் சேற்றிலும் சின்ன அணியிடம் ஒரு டிராவாவது வந்துவிடும். ஒரு வாரம்கூட அணியை அசர விடாமல் வைத்திருந்தது பயிற்சியாளரின் வேலை.

இன்னொன்றையும் பாருங்கள். 2019 மார்ச்சில் பியோரெண்டினாவுக்கு எதிரான ஆட்டத்துக்கு டூரின் அலையன்ஸ் மைதானத்தில் 39,000 பேர் வந்தார்கள். அன்று களத்தில் ஆடிய இத்தாலியப் பெண்கள் எல்லோரும் விதிப்படி அமெச்சூர்கள்! தொழில்முறை அந்தஸ்தும் அதற்குரிய ஓய்வூதிய உரிமையும் அவர்களுக்கு வந்தது 2022 ஜூலையில்தான். குவாரினோ வென்ற நான்கு பட்டங்களும் அதற்கு முன்னால் வந்தவை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அவரும் அப்படி ஆடி வந்தவர்தான். 1971-இல் டூரினில் பிறந்தார். தாக்குதல் வரிசையில் ஆடினார். 1993, 1997 இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளிலும் இரண்டாமிடம் பெற்ற இத்தாலி அணிகளில் இருந்தார், 1999 உலகக் கோப்பையிலும் ஆடினார். தன் வீராங்கனைகள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

யுவென்டஸுக்கு முன்னால் அவர் செய்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 17 வயதுக்குட்பட்ட தேசிய அணியின் பயிற்சிக் குழுவில் அவர் இருந்தபோது, 2014-இல் கோஸ்டாரிகாவில் நடந்த உலகக் கோப்பையில் இத்தாலி மூன்றாமிடம் பெற்றது. வெனிசுவேலாவுடன் 4-4, அப்புறம் பெனால்டியில் வெற்றி. அதில் ஆடிய மானுவேலா ஜூலியானோவும் லிசா போவாட்டினும் ஐந்தே வருடத்தில் பெரியவர்களின் உலகக் கோப்பைக்குப் போனார்கள். இருபது வருடம் கழித்து அந்தப் போட்டிக்குத் திரும்பிய இத்தாலி, அந்த முறை காலிறுதி வரை போனது. இதற்கெல்லாம் எந்த கிளப்பின் பணம் காரணம்?

சரி, குறையையும் சொல்லிவிடுகிறேன். 2021-இல் யுவென்டஸை விட்டு இன்டர் மிலான் கிளப்புக்குப் போனார். அங்கே மூன்று சீசன் இருந்தும் கோப்பை ஏதும் கிடைக்கவில்லை. பணம் எவ்வளவு உதவியது என்ற உங்கள் கேள்விக்கு அதிலும் கொஞ்சம் பதில் இருக்கிறது. ஆனாலும் நான் எழுதியதைத் திருத்த எனக்கு மனமில்லை.