எல்லா கிளாஸுக்கும் பப்ளிக் போட்டுவிடலாமா?

கேள்வி: ஜாவாவில் கடைக்கு பில் போடும் புரோகிராம் எழுதுகிறேன். ‘கடை’ பேக்கேஜில் (கிளாஸ்களைத் தொகுத்து வைக்கும் இடம்) உள்ள வரிக் கணக்கு கிளாஸுக்கு முன்னால் பிரைவேட் என்று போட்டால் கம்பைலர் ஏற்கவில்லை. ஒன்றுமே போடாமல் விட்டால், ‘கடை.பில்’ பேக்கேஜிலிருந்து அதை எடுக்க முடியவில்லை. பேசாமல் எல்லாவற்றுக்கும் பப்ளிக் போட்டுவிடட்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பிரைவேட் என்றால் ‘என்னைச் சுற்றியுள்ள கிளாஸுக்குள் மட்டும்’ என்று பொருள். ஃபைலில் தனியாக நிற்கும் கிளாஸைச் சுற்றி எதுவும் இல்லையே! அதனால் அதற்கு இரண்டே வழி: பப்ளிக் (வெளி பேக்கேஜ்களுக்கும் தெரியும்), அல்லது ஒன்றும் போடாமல் விடுவது. இன்னொரு கிளாஸுக்குள் எழுதும் கிளாஸுக்கு பிரைவேட், புரொடெக்டெட் இரண்டும் செல்லும்.

ஒன்றும் போடாவிட்டால் அந்த பேக்கேஜுக்குள் மட்டும் தெரியும். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ‘கடை’, ‘கடை.பில்’ இரண்டும் தாயும் பிள்ளையும் போலத் தெரியும். ஆனால் நடுவில் உள்ள புள்ளியை ஜாவா உறவாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்கு இவை இரண்டும் அந்நியர்கள்.

வரிக் கணக்கை பில் பகுதி மட்டும்தான் கேட்கிறது என்றால் கிளாஸை அந்த பேக்கேஜுக்கே மாற்றிவிடுங்கள். பல இடங்களில் தேவை என்றால், வெளியே பேச ஒரே ஒரு பப்ளிக் கிளாஸ் வையுங்கள். கணக்கு அதன் பின்னால் மறைந்திருக்கட்டும். நாளை வரி விகிதம் மாறி உள்ளே எல்லாவற்றையும் திருத்தினாலும் வெளியே எதுவும் உடையாது. ஜாவாவே இப்படித்தான் செய்கிறது. எழுத்துகளைக் கோக்க ஜாவா தரும் ஸ்ட்ரிங்பில்டர், ஸ்ட்ரிங்பஃபர் கிளாஸ்கள் இரண்டுக்கும் அடியில் அப்ஸ்ட்ராக்ட்ஸ்ட்ரிங்பில்டர் என்று ஒரு கிளாஸ் உண்டு. அது பப்ளிக் இல்லை. தினமும் அதன் வேலையை வாங்கிக்கொள்கிறோம், பெயர் தெரியாமலே.

அப்புறம், கிளாஸின் உறுப்புகளுக்கு (உள்ளே இருக்கும் மாறிகள், மெத்தடுகள்) போடும் புரொடெக்டெட். அது ஒன்றும் போடாததைவிட இறுக்கமானது என்று நினைத்துவிடாதீர்கள். ஜாவாவில் அது பேக்கேஜ் முழுவதற்கும் தெரியும், போதாததற்கு வேறு பேக்கேஜில் உள்ள வாரிசு கிளாஸ்களுக்கும் தெரியும். சி ஷார்ப் மொழியில் கணக்கே வேறு: அங்கே தனிக் கிளாஸுக்கு ஒன்றும் போடாவிட்டால் இன்டர்னல், அதாவது அந்த அசெம்பிளி (கம்பைல் செய்து கிடைக்கும் டி.எல்.எல் அல்லது இ.எக்ஸ்.இ) முழுவதற்கும் தெரியும்.

டெஸ்ட் எழுதுவதற்காகவே பப்ளிக் ஆக்குகிறவர்களும் உண்டு. அதற்கும் தேவையில்லை. டெஸ்ட் கிளாஸ் வேறு ஃபோல்டரில் இருந்தாலும் பேக்கேஜ் பெயரை ஒன்றாக வையுங்கள், மறைந்திருக்கும் கிளாஸ் அதற்குத் தெரியும்.