பழைய இரும்புக் குழாய்கள் ஏன் கசிகின்றன? மும்பை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (மாட்டுங்கா): தெருவில் தோண்டியெடுத்த பழைய வார்ப்பிரும்புக் குழாய் பார்வைக்கு முழுதாகவே இருந்தது. கத்தியால் சுரண்டியதும் பென்சில் கரி போல உதிர்ந்தது. இது எப்படி, ஐயா?

பதில்: நீங்கள் சுரண்டியது பெரும்பாலும் கிராஃபைட்தான். இத்தகைய பழைய குழாய்களின் சாம்பல் நிற வார்ப்பிரும்பில் எடையில் 3 சதவீதத்துக்கு மேல் கரி உண்டு. அது கிராஃபைட் செதில்களாகப் பரவியிருக்கும். ஈரமும் உப்பும் கலந்த மண்ணில் இரும்பு மெல்லக் கரைந்து போக, கிராஃபைட்டும் துருவும் பின்னிய கூடு மட்டும் பழைய வடிவத்திலேயே நிற்கிறது. அந்தக் கூடு தண்ணீரைப் பல ஆண்டுகள் தாங்கிவிடும். ஆனால் மேலே லாரி ஓடும்போதோ, மழைக்காலத்தில் மண் இறங்கும்போதோ ஏற்படும் வளைவைத் தாங்காது. கடலை நிரப்பி உருவாக்கிய நிலம் நிறைந்த இந்த ஊரில் இதை நான் பெரிதும் அஞ்சுகிறேன்.

கேள்வி (தாராவி): எங்களுக்குத் தண்ணீர் சில மணி நேரமே வருகிறது. மற்ற நேரம் சும்மா கிடக்கும் குழாய் கூடுதல் காலம் உழைக்க வேண்டாமா?

பதில்: நடப்பது இதற்கு நேர்மாறு. நாளுக்கு ஒரு முறை அழுத்தம் ஏறி இறங்கினாலே 50 ஆண்டுகளில் 18,000 முறைக்கு மேல் ஆகிறது. நல்ல குழாய் இதைப் பொருட்படுத்தாது. துரு அரித்த குழியின் அடியிலோ சுவர் மெலிந்திருப்பதோடு விசையும் அங்கேயே குவிவதால், ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் விரிசல் மிகச் சிறிது நீள்கிறது; நீண்ட விரிசலில் புகும் நீர் புது இரும்பை அரிக்கிறது. அரிப்பும், திரும்பத் திரும்ப விசை ஏறி இறங்குவதால் உலோகம் தளரும் அயர்ச்சியும் இப்படி ஒன்றுக்கொன்று துணைபோகின்றன. இதில் வால்வைத் திடீரென மூடுவது மிகவும் கெடுதல்: விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரைச் சட்டென நிறுத்தினால், இரும்புக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 கிலோ அழுத்தம் கூடுதலாக எழும். வெறுமையான குழாய் அதே விரிசல் வழியாகச் சாக்கடை நீரை உள்ளே இழுக்கும் என்பதால், சிறு கசிவையும் தயவுசெய்து உடனே தெரிவியுங்கள்.

கேள்வி (குர்லா): ரயில் பாதையருகே குழாய்கள் விரைவில் ஓட்டையாகும் என்பது உண்மையா?

பதில்: ரயில்கள் நேர்மின்சாரத்தில் (டி.சி.) ஓடிய காலத்தில் அந்த ஆபத்து உண்மையாகவே இருந்தது. 1925-இல் உங்கள் குர்லா வரை ஓடிய முதல் மின்ரயில் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்கியது. தண்டவாளத்திலிருந்து மண்ணில் கசியும் மின்னோட்டம் குழாயில் ஏறி, வேறோர் இடத்தில் வெளியேறும். வெளியேறும் இடத்தில் இரும்பு கரையும். ஓர் ஆம்பியர் ஓராண்டு வெளியேறினால் சுமார் 9 கிலோ இரும்பு போய்விடும். 2016-க்குள் புறநகர் பாதைகள் மாறுதிசை மின்சாரத்துக்கு (ஏ.சி.) மாறிவிட்டன; ஆயினும் அன்று விழுந்த குழிகள் பழைய குழாய்களில் அப்படியே இருக்கின்றன.

கேள்வி (செம்பூர்): எங்கள் கட்டடத்து ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) மரையில் மட்டுமே கசிகிறது. எம்-சீல் பசை பூசினால் போதுமா?

பதில்: போதாது. மரை வெட்டும்போது துத்தநாகப் பூச்சு போய், சுவரும் மெலிகிறது. பம்பின் அதிர்வும் அங்கேயே விழுகிறது. அந்தத் துண்டையே மாற்றி, பம்பருகே குழாயைச் சுவரோடு உறுதியாகப் பிணையுங்கள்.