எதிர்த்தவர் பெயரை மினிட் புத்தகத்தில் எழுதலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர் விவசாயிகள் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிறேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்த சங்கம். கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்குமுன் வயல் மடைகளைச் சுத்தம் செய்ய ஏக்கருக்கு 300 ரூபாய் வசூலிப்பது என்று செயற்குழுவில் முடிவானது. மூன்று பேர் எதிர்த்தார்கள். அதில் ஒருவர், தான் பேசியதை ஒரு வரி விடாமல் மினிட்டில் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பில்) ஏற்றச் சொல்கிறார். தலைவரோ, “எதுக்குவே வம்பு, ஏகமனதாகன்னு எழுதிட்டுப் போவோம்” என்கிறார். நான் இன்னும் எழுதவில்லை. வந்தவர்களிடம் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். பொருளாளரும் மாறியிருப்பதால் வங்கியில் தீர்மான நகல் கேட்கிறார்கள். எப்படி எழுத வேண்டும் அண்ணாச்சி?

பதில்: முதலில் அந்தக் கையெழுத்துப் பக்கத்தைச் சரி செய்யுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு மேலே தீர்மானம் எழுதுவது நம் பக்கத்துச் சங்கங்களில் சர்வ சாதாரணமாக நடக்கிறது. வழக்கு என்று வந்தால் முதலில் அடி வாங்குவதும் அந்தப் பக்கம்தான். “நான் கையெழுத்துப் போட்டபோது இந்த வரி இல்லை” என்று ஒருவர் சொன்னால் உங்களிடம் பதில் இருக்காது. ஆகவே அந்தப் பக்கத்தின் தலைப்பில் கூட்டத் தேதி, இடம், நேரத்தோடு ‘வருகைப் பதிவு’ என்று எழுதுங்கள். மீதி வெற்றிடத்தைக் குறுக்கே கோடிட்டு அடையுங்கள். தலைவரும் நீங்களும் அதில் சுருக்கொப்பமிடுங்கள். தீர்மானங்கள் அடுத்த பக்கத்தில் தொடங்கட்டும். வருகைக் கையெழுத்து, ஆள் வந்ததற்குச் சாட்சி. தீர்மானத்துக்குச் சம்மதம் ஆகாது. தீர்மானங்களின் கடைசியில் கூட்டத் தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்டால் போதும்.

அடுத்து, பேச்சை முழுதாக எழுதும் விஷயம். சட்டமன்றத்தில் உறுப்பினர் பேச்சு சொல்லுக்குச் சொல் பதிவாகிறதே என்று உங்கள் உறுப்பினர் நினைத்திருக்கலாம். அங்கே அதற்கென்றே பயிற்சி பெற்ற சட்டமன்ற நிருபர்கள் உட்கார்ந்து எழுதுகிறார்கள். சங்கத்தின் மினிட் புத்தகம் வேறு வகை. யார் என்ன பேசினார் என்பதை விட்டுவிட்டு, கூட்டம் என்ன முடிவு செய்தது என்பதையே அது சொல்ல வேண்டும். பேச்சை எழுதப் போனால் எழுதுகிறவர் கை எந்தப் பக்கம் சாய்ந்தது என்ற அடுத்த சண்டை தொடங்கிவிடும். அவருக்கு ஒரு வழி சொல்லுங்கள்: எதிர்ப்புக்கான காரணத்தைக் கடிதமாக எழுதிக் கொடுக்கட்டும். ‘எதிர்ப்புக் கடிதம் பெறப்பட்டுக் கோப்பில் வைக்கப்பட்டது’ என்று ஒரு வரி மினிட்டில் போடுங்கள். அவர் சொல் அவருடைய எழுத்திலேயே பத்திரமாக இருக்கும்.

தலைவர் சொல்லும் ‘ஏகமனதாக’ மட்டும் வேண்டவே வேண்டாம். மூன்று பேர் கை தூக்கி எதிர்த்திருக்கிறார்கள். ஏகமனது என்று எழுதினால் அது பொய்ப் பதிவு. ஒரு வரி பொய் என்று தெரிந்தால் அந்தப் புத்தகத்தின் மற்ற வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். எதிர்ப்பைப் பதிவதால் தீர்மானம் பலவீனமாகாது. பெரும்பான்மை இருந்தால் அது முழுத் தீர்மானம்தான். எதிர்த்தவருக்கும் இது நியாயம்: நாளை அந்த வசூலில் தணிக்கைக் கேள்வி வந்தால், அன்றே எதிர்த்தவர் என்பதற்கு அவர் காட்டக்கூடிய ஒரே ஆதாரம் உங்கள் புத்தகம்தான். இப்படி எழுதலாம்:

“தீர்மானம் 4: கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்குமுன் வயல் மடைகளைச் சுத்தம் செய்ய, உறுப்பினர்களிடம் ஏக்கருக்கு ரூ. 300 வீதம் மே 25-க்குள் வசூலிப்பது என்றும், பொருளாளர் ரசீது கொடுத்துப் பெற்றுச் சங்கக் கணக்கில் செலுத்துவது என்றும் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவர்: (பெயர்). வழிமொழிந்தவர்: (பெயர்). ஆதரவு 7, எதிர்ப்பு 3, நடுநிலை 1. எதிர்த்தவர்களில் (பெயர்) கேட்டுக்கொண்டபடி அவரது எதிர்ப்பு பதியப்படுகிறது.”

எவ்வளவு, எதற்கு, எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு என்ற நான்கும் இதில் இருக்கின்றன. ‘மடை சுத்தம் செய்வது குறித்து விவாதிக்கப்பட்டது’ என்று எழுதி நிறுத்தியிருந்தால் ஒரு ரூபாய்கூட வசூலிக்க முடியாது; அது தீர்மானமே இல்லை.

இதோடு விட எனக்கு மனமில்லை. அந்த மூன்று பேர் ஏன் எதிர்த்தார்கள் என்று கேட்டீர்களா? உங்கள் துணைவிதியை (சங்கம் தனக்கென வகுத்துப் பதிவு செய்த விதிகளை) எடுத்து, உறுப்பினர்களிடம் வசூல் நிர்ணயிக்கும் அதிகாரம் யாருக்கு என்று பாருங்கள். பொதுக்குழுவுக்குத்தான் என்று இருந்தால், செயற்குழு போட்டது வெறும் பரிந்துரை. எதிர்த்தவர்கள் பக்கம்தான் விதி இருக்கிறது. அப்போது இந்தத் தீர்மானத்தின் வாசகத்தையே ‘பொதுக்குழுவின் ஒப்புதலுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது’ என்று அடுத்த செயற்குழுவில் மாற்றி நிறைவேற்றி, பொதுக்குழுவை முறையான அறிவிப்போடு கூட்டுங்கள். வசூலைத் தொடங்கிவிட்டுப் பிறகு இதைக் கண்டுபிடித்தால் கொடுத்தவனும் கேட்பான், கொடுக்காதவனும் கேட்பான். துணைவிதியையே திருத்துவதானால் அது வேறு கதை: 21 நாள் முன்னறிவிப்போடு கூடிய பொதுக்குழுவில், வந்து வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கு ஆதரவோடு சிறப்புத் தீர்மானம் வேண்டும்.

உங்கள் கூட்டத்தில் 7-க்கு 3 என்று தெளிவாக இருந்தது. சமமாக வந்திருந்தால்? தலைவருக்கு எப்போதும் இரண்டாவது ஓட்டு உண்டு என்று பலர் நம்புகிறார்கள். நாடாளுமன்றத்தில் அரசியலமைப்பின் 100-ஆவது பிரிவின்படி சபாநாயகர் முதலில் வாக்களிப்பதில்லை; சமமாக வந்தால் மட்டும் தீர்க்கும் வாக்கு போடுவார். அங்கிருந்து வந்த எண்ணம் இது. சங்கத் தலைவரோ உறுப்பினர் என்ற முறையில் முதலிலேயே ஓட்டுப் போட்டுவிடுகிறார். துணைவிதி தனியாக இன்னொரு வாக்கு கொடுத்திருந்தால் ஒழிய அவருக்கு அது கிடையாது. சமமானால் தீர்மானம் தோற்றது என்றே எழுத வேண்டும்.

கோரமும் (கூட்டம் செல்ல வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) அப்படியே, உங்கள் துணைவிதி சொல்லும் எண்ணிக்கைதான். மொத்தம் எத்தனை பேர், வந்தவர் எத்தனை பேர் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். பாதியில் யாராவது எழுந்து போனால் எந்தப் பொருளுக்குப் பிறகு போனார் என்றும் குறியுங்கள். மற்றவர்கள் கிளம்பிய பிறகு நாலு பேர் மட்டும் இருந்து போட்ட தீர்மானங்கள்தான் பின்னால் உதைக்கின்றன.

எழுதும் நாள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கம்பெனிகளுக்கு 2013 கம்பெனிகள் சட்டத்தின் 118-ஆவது பிரிவு 30 நாள் கெடு வைக்கிறது. சங்கத்துக்கு அது பொருந்தாது. ஆனாலும் அவ்வளவு நாள் விடாதீர்கள். நினைவு சூடாக இருக்கும்போது, கூடிய மட்டும் கூட்டத்திலேயே தீர்மான வாசகத்தை உரக்கப் படித்து முடிவாக்குங்கள். பக்கங்களுக்கு எண் போடுங்கள். தாள் கிழிக்கவோ, ஒயிட்னர் தடவவோ கூடாது. பிழை வந்தால் அடியெழுத்து தெரியும்படி ஒற்றைக் கோடிட்டு, மேலே சரியானதை எழுதி, தலைவரும் நீங்களும் சுருக்கொப்பமிடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் மினிட்டை வாசித்து உறுதி செய்யும்போது, ‘அந்த 300 ரூபாய் எனக்கு இன்னும் சம்மதமில்லை’ என்று யாராவது தொடங்குவார்கள். தடுத்துவிடுங்கள். அப்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி, நடந்தது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதுதான். முடிவையே மாற்ற வேண்டுமானால் அது தனிப் பொருளாக அஜெண்டாவில் வர வேண்டும். உறுதி செய்து கையெழுத்தான பிறகு அந்தப் பக்கத்தில் கை வைக்காதீர்கள். திருத்தம் வேண்டுமென்றால் புதிய கூட்டத்தின் புதிய தீர்மானமாக எழுதுங்கள்.

வங்கி விஷயம் எளிது. முழுப் புத்தகத்தையும் நகலெடுத்துக் கொடுக்க வேண்டாம். கணக்கை இயக்கும் அதிகாரம் யாருக்கு, பழைய பொருளாளரின் கையெழுத்து அதிகாரம் எந்தத் தேதியோடு முடிகிறது என்று சொல்லும் தனித் தீர்மானம் போட்டிருக்க வேண்டும். அதை மட்டும் சங்கத்தின் கடிதத்தாளில் எழுதி, ‘இன்ன தேதி செயற்குழுத் தீர்மானத்தின் உண்மை நகல்’ என்று குறித்து, தலைவரும் நீங்களும் கையெழுத்தும் முத்திரையும் இடுங்கள். அப்படியொரு தீர்மானம் இதுவரை போடவில்லை என்றால் முந்தைய தேதியிட்டு நுழைத்துவிடாதீர்கள். ஒரு செயற்குழு கூட்டிப் போடுங்கள். நிர்வாகி மாற்றத்தை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் படிவம் 7-இல் தாக்கல் செய்து, ஒப்புகையின் நகலையும் வங்கிக்கு எடுத்துப் போங்கள். பெரும்பாலும் அடுத்து அதைத்தான் கேட்பார்கள்.