சோயா வயலில் தேங்கும் நீரும் உழவும்: கேள்வி பதில்

கேள்வி: மழை விட்டு மூன்று நாளாகியும் எங்கள் சோயா வயலில் நீர் வடியவில்லை, இலைகள் மஞ்சளாகின்றன. ஆழமாக உழுதால் சரியாகுமா?

பதில்: உழுவதற்கு முன் தயவுசெய்து ஒரு குழி வெட்டிப் பாருங்கள். முழங்கால் ஆழம் தோண்டி, குழியின் சுவரை மேலிருந்து கீழாகக் கத்திமுனையால் குத்திக்கொண்டே வந்தால், பெரும்பாலும் 15 முதல் 25 செ.மீ. ஆழத்துக்குள் ஓரிடத்தில் கத்தி இறங்க மறுக்கும். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் ஓடிய கலப்பையும் டிராக்டர் சக்கரமும் அழுத்தி உண்டாக்கிய கடின அடுக்கு அது; ஆணிவேர் அதைத் தாண்டி இறங்க வழியின்றி முழங்கைபோல் மடங்கிக் கிடப்பதையும் அங்கேயே காணலாம். அடுக்கின்மேல் தேங்கும் நீர் மண்ணின் காற்றறைகளை நிரப்பிவிடுவதால், வேர்முடிச்சில் (வேரிலுள்ள சிறு உருண்டைகளில்) வாழும் பாக்டீரியாவுக்கு உயிர்வளி (ஆக்சிஜன்) குறைந்து, காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பயிருக்குச் சேர்க்கும் வேலை தடைப்படுகிறது. வேரும் மூச்சுமுட்டிப் போவதால் இலை மஞ்சளாகிறது. ஒரு முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது, பழுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் ஓய்ந்துவிட்டது.

கேள்வி: கடின அடுக்கு இருக்கிறது. எந்தக் கலப்பை ஏற்றது?

பதில்: மண்ணைப் புரட்டாமல் கீறிச்செல்லும் உளிக்கலப்பை. அடுக்கின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே கொழு, அதாவது கலப்பையின் இரும்பு முனை, சென்றால் போதும். அதற்கும் ஆழமாக ஓட்டுவது டீசலுக்குத்தான் கேடு. சால்களுக்கிடையே 50 செ.மீ. விட்டு, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுங்கள். நான் மிகுதியாகக் காணும் தவறு அவசரம்: ஈரத்தில் ஓட்டினால் அடுக்கு உடையாமல், கொழு சென்ற தடம் மெழுகியதுபோல் பளபளத்து, பழைய இறுக்கத்தோடு புதியதும் சேர்ந்துவிடும். கொழு இறங்கவிருக்கும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உருட்டுங்கள். திரிபோல் நீண்டால் பொறுங்கள், உதிர்ந்தால் ஓட்டலாம்.

கேள்வி: ரோட்டவேட்டரால் புழுதியாக்கினால் நீர் விரைவில் இறங்காதா?

பதில்: இறங்காது. மென்புழுதி முதல் மழையிலேயே கரைந்து துளைகளை அடைத்து, காய்ந்ததும் ஓடுபோல் இறுகும். சோயா தன் பருத்த விதையிலைகளை மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு முளைப்பதால், அந்த இறுகிய மேல்மண்ணை முட்டி முட்டியே பல நாற்றுகள் கழுத்தொடிந்துபோகும். சிறுகட்டிகள் சில இருக்கட்டும்.

கேள்வி: கடின அடுக்கே இல்லை, ஆயினும் நீர் நிற்கிறது.

பதில்: அப்படியானால் கனத்த களிமண்ணோ, மேலே ஏறி நிற்கும் நிலத்தடி நீரோ, பள்ளமான நிலமோ காரணம், உளிக்கலப்பையால் அது தீராது. மேட்டுப்பாத்தியில் விதைத்து, பாத்திகளுக்கிடையிலான சால்களைச் சரிவின் போக்கில் வடிகாலோடு இணையுங்கள். நீர் வெளியேற வாயில்லாத வயலில், கீறிய தடங்களே நீரைத் தேக்கி வைக்கும்.

கேள்வி: உளிக்கலப்பை உழவை ஆண்டுதோறும் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஈரநிலத்தில் அறுவடை இயந்திரத்தை இறக்காமலும், சக்கரங்களை எப்போதும் ஒரே தடத்தில் ஓட்டியும் வந்தால் தளர்ந்த மண் எளிதில் இறுகாது. அடுத்த உழவுக்கு முன் மீண்டும் அதே கத்தியோடு குழியில் இறங்குங்கள். அது தடையின்றி இறங்கினால் உளிக்கலப்பை கொட்டகையிலேயே இருக்கட்டும்.