மருத்துவர் பதில்: முத்துவுக்குச் சர்க்கரை வந்திருக்கிறது

கேள்வி: எங்கள் ஆண் பூனை முத்துவுக்கு 11 வயது, கருத்தடை செய்தவன். போன வருடம் 7 கிலோ இருந்தான், இப்போது 5.6. தண்ணீர்க் கிண்ணம் காலியாகிக்கொண்டே இருக்கிறது. மணல் தட்டில் எப்போதும் ஈரம். சாப்பாட்டில் குறையே இல்லை. பின்னங்கால்களைக் குதிகால் வரை தரையில் ஊன்றி நடக்கிறான், சோபாவில் ஏற முடியவில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பூனை வைத்திருக்கிறோமே என்ற தயக்கத்தில் மருத்துவரிடம் போகத் தள்ளிப்போட்டோம். போன வாரம் போனபோது ரத்தச் சர்க்கரை 24 என்றார்கள். காலையும் மாலையும் ஒரு யூனிட் இன்சுலின் போடச் சொல்லிக் குப்பியும் சிரிஞ்சும் கொடுத்திருக்கிறார்கள். என் மாமனாரும் இன்சுலின் போடுபவர். பலதுறை மருந்தகத்தில் வாங்கி வருகிறார். அதையே இவனுக்கும் போடலாமா? வெந்தயத் தண்ணீர், பாகற்காய்ச் சாறு கொடுக்கலாமா என்று மாமியார் கேட்கிறார். மாத்திரை இல்லையா? விமான நிலையத்தில் எனக்கு ஷிஃப்ட் வேலை, நேரம் தவறினால் என்ன செய்வது? தீபாவளிக்குத் தஞ்சாவூர் போக டிக்கெட் வேறு எடுத்தாகிவிட்டது. இந்த ஊசி ஆயுள் முழுக்கவா?
– செங்காங் வாசகி, சிங்கப்பூர்

பதில்: மாமனாரின் இன்சுலினைத் தொடாதீர்கள். மற்றதையெல்லாம் ஆற அமரப் பேசலாம், இதை மட்டும் இன்றைக்கே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

பூனைகளுக்கென்று வரும் இன்சுலினில் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் மருந்து இருக்கும். மனிதர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பதில் 100 யூனிட். சிரிஞ்சின் கோடுகளும் அதற்கேற்றபடி வேறு வேறு. மாமனாரின் மருந்தை முத்துவின் சிரிஞ்சில் ஒரு கோடு இழுத்தால் அவன் உடம்பில் ஏறுவது ஒரு யூனிட் அல்ல, இரண்டரை யூனிட். ஐந்தரைக் கிலோ உடம்புக்கு அது உயிரோடு விளையாடும் அளவு. மாற்றிச் செய்தால், அதாவது முத்துவின் மருந்தை மாமனாரின் சிரிஞ்சில் இழுத்தால், அரை யூனிட் கூடப் போகாது. சர்க்கரை இறங்கவில்லையே என்று நீங்கள் குழம்பிக்கொண்டிருப்பீர்கள். 40 யூனிட் சிரிஞ்சுக்கு வழக்கமாகச் சிவப்பு மூடி, 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி. நிறத்தை மட்டும் நம்பாமல் குப்பியிலும் சிரிஞ்சிலும் உள்ள எண் ஒன்றுதானா என்று ஒவ்வொரு பெட்டி பிரிக்கும்போதும் பாருங்கள். மனிதர்களுக்கான கிளார்ஜின் என்ற இன்சுலினைப் பூனைகளுக்கும் நாங்கள் எழுதுவதுண்டு. அதை முடிவு செய்ய வேண்டியது உங்கள் கால்நடை மருத்துவர். ஃபிரிட்ஜில் எது கைக்கு எட்டுகிறது என்பதை வைத்து முடிவு செய்யக்கூடாது. இரண்டு பேர் மருந்தும் ஒரே ஃபிரிட்ஜில் இருக்கப்போகிறது என்பதால் வெவ்வேறு தட்டில், பெயர் எழுதிய டப்பாவில் வையுங்கள். கதவில் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் சூடு ஏறும். உறையவும் விடக்கூடாது, உறைந்த இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான். சில வகைகளை நன்றாகக் குலுக்க வேண்டும், சிலவற்றை உள்ளங்கையில் மெல்ல உருட்டினால் போதும், கிளார்ஜினை இரண்டும் செய்யக்கூடாது. உங்கள் குப்பி எந்த வகை என்று அதன் தாளில் பாருங்கள்.

இனி அந்த 24. நம் ஊரில் மில்லிமோல் கணக்கு, தஞ்சாவூரில் மில்லிகிராம் கணக்கு. அங்குள்ள உறவினர்களிடம் சொன்னால் 430-ஐத் தாண்டிய கணக்காகக் கேட்டுப் பதறுவார்கள். அதிகம்தான், ஆனால் அந்த ஒற்றை எண்ணுக்கு நான் முழு மதிப்புக் கொடுப்பதில்லை. கூடையில் அடைத்து, டாக்சியில் ஏற்றி, நாய் குரைக்கும் கூடத்தில் உட்கார வைத்தால் சர்க்கரை நோயே இல்லாத பூனைக்கும் பயத்தில் அளவு எகிறும். அதனால்தான் சிறுநீரிலும் பார்க்கிறோம், கடந்த இரண்டு மூன்று வாரங்களின் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமின் பரிசோதனையும் செய்கிறோம். முத்து விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. தாகம், சிறுநீர், நன்றாகச் சாப்பிட்டும் மெலிவது, குதிகால் ஊன்றிய நடை எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. அந்த நடை சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டதால் வருவது. அளவு கட்டுக்குள் வந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் தேறும். அதுவரை மணல் தட்டைத் தாழ்வான விளிம்புள்ளதாக மாற்றுங்கள். கால் வலி என்று கோடாலித் தைலம் தேய்த்துவிடாதீர்கள். பூனை நக்கும், அதிலுள்ள பொருள்கள் அதற்கு விஷம்.

முதல் சில வாரங்களில் சர்க்கரையைச் சரியான எண்ணுக்குக் கொண்டுவருவது உங்கள் வேலையே அல்ல. அளவு 18-லோ 20-லோ இன்னும் சில நாள் நிற்கட்டும், பூனை சாப்பிட்டுத் தெம்பாக இருந்தால் அதனால் குடிமுழுகாது. 3-க்குக் கீழே போனால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம். கூடினால் குறித்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். குறைந்தால் உடனே செயல்படுங்கள். புதிதாக ஊசி போடத் தொடங்கும் குடும்பங்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. எண் இறங்கவில்லை என்று மூன்றாம் நாளே தாமாக அரை யூனிட் கூட்டிவிடுவார்கள். ஒரு அளவுக்கு உடம்பு பழகவே பல நாள் ஆகும், ஒரு யூனிட் என்றால் மருத்துவர் மாற்றும்வரை ஒரு யூனிட்தான்.

சர்க்கரை தாழ்ந்தால் எப்படித் தெரியும்? தள்ளாடுவான், திடீரென்று வெறிபிடித்தாற்போல் சாப்பாடு தேடுவான், அல்லது மூலையில் போய்ப் படுத்துக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். உடம்பு நடுங்கும், முற்றினால் வலிப்பு வரும். நினைவு இருந்தால் முதலில் சாப்பாட்டைக் காட்டுங்கள். சாப்பிட மறுத்தாலோ நிலை மோசமாக இருந்தாலோ தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். வாயில் ஊற்றாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். வலிப்பில் இருக்கும் வாய்க்குள் விரலும் விடாதீர்கள். சற்றுத் தெளிந்தாலும் வீட்டில் இருந்துவிடக் கூடாது. உள்ளே இன்சுலின் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும், தேனின் பலம் கொஞ்ச நேரம்தான். இங்கே 24 மணி நேரமும் இயங்கும் கால்நடை மருத்துவமனைகள் உண்டு. உங்கள் வீட்டுக்கு எது பக்கம் என்று இன்றே பார்த்து எண்ணைக் கைபேசியில் போட்டுக்கொள்ளுங்கள். எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் பூனையை ஏற்ற மாட்டார்கள், நடு இரவில் எந்த வண்டியில் போவது என்பதையும் முன்பே யோசித்து வையுங்கள்.

ஊசி போடுவதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஊசி மயிரிழை போன்றது, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பூனை பல நேரம் திரும்பிக்கூடப் பார்க்காது. பிடரியைவிட விலாப் பக்கமும் இடுப்புப் பக்கமும் நல்லது. தினமும் இடம் மாற்றுங்கள். தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து அடியில் குத்த வேண்டும். மறுபக்கம் வெளியே வந்து மருந்து ரோமத்தில் போய்விட்டதோ என்று சந்தேகம் வந்தால் மீண்டும் போடாதீர்கள், எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம். பயன்படுத்திய ஊசிகளைக் கனமான பிளாஸ்டிக் போத்தலில் போட்டுத் திருகி மூடுங்கள். நிறைந்ததும் உங்கள் மருத்துவமனை வாங்கிக்கொள்ளுமா என்று கேளுங்கள். குப்பைக் குழாயில் ஊசியை அப்படியே எறிந்தால் அது துப்புரவு ஊழியரின் கையில்தான் ஏறும்.

முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறான் என்றால் ஊசி போடாமல் மருத்துவரை அழையுங்கள். ஷிஃப்ட் விஷயத்தில் 12 மணி நேர இடைவெளிதான் இலக்கு. ஒரு மணி நேரம் முன்பின் ஆனால் பரவாயில்லை. ஒரு வேளை அடியோடு தவறினால் அதை விட்டுவிடுங்கள், அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போடுவது கூடவே கூடாது. உங்களைப் போன்ற கூட்டுக் குடும்பத்தில் எனக்குள்ள கவலை வேறு. காலையில் நீங்கள் போட்டுவிட்டு வேலைக்குப் போவீர்கள், தெரியாமல் மாமியார் இன்னொரு முறை போடுவார். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, போட்டவர் நேரம் எழுதிக் கையெழுத்திடட்டும். கையெழுத்து இல்லாமல் போட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்தால், போட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே சர்க்கரை பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் பிடிவாதமாகச் சொல்வேன். காது மடலின் ஓரத்தில் ஓடும் மெல்லிய ரத்தக் குழாயை ஒட்டிக் குத்தினால் ஒரு துளி வரும். வெதுவெதுப்பான துணியால் காதைச் சூடாக்கிக்கொண்டால் சுலபம். பின்புறம் மடித்த டிஷ்யூவை வைத்தால் உங்கள் விரல் தப்பும். முடித்ததும் அழுத்திப் பிடித்து ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுங்கள்; சில நாளில் கருவியைக் கண்டாலே வந்து உட்காரும் பூனைகள் உண்டு. பூனைகளுக்கென்றே அளவீடு செய்த கருவி நல்லது. மாமனாரின் கருவி பூனை ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், அதை வைத்துத்தான் பார்க்கிறீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஊசிக்கு முன் அளவு 11-க்குக் கீழே இருந்தால் போடாமல் என்னை அழையுங்கள் என்று புதியவர்களிடம் சொல்வது என் வழக்கம். உங்கள் மருத்துவர் வேறு எண் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். சில வாரங்களில் அவர் ஒரு நாளைக் குறித்து, 12 மணி நேரம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லலாம். குத்த மனம் வராதவர்களுக்குத் தோலில் ஒட்டும் சென்சார் உண்டு. பூனை அதைப் பிய்த்துப் போடாதவரை நன்றாகவே உழைக்கும்.

சாப்பாட்டுக்கு வருவோம். பூனை பிறவி மாமிச உண்ணி, மாவுச்சத்தைக் கையாளும் திறன் அதன் உடம்புக்குக் குறைவு. நாள் முழுக்கக் கிண்ணத்தில் கிடக்கும் உலர் தீனி, மேசைக்கடியில் போடும் மீன்குழம்புச் சோறு, பால்சோறு எல்லாம் முத்துவுக்கு நேரே சர்க்கரைதான். குழம்பில் வெங்காயமும் பூண்டும் வேறு, அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. புரதம் மிகுந்த, மாவுச்சத்துக் குறைந்த டின் உணவுக்கு மாற்றுங்கள். மாவுச்சத்து எவ்வளவு என்று லேபிளில் பெரும்பாலும் போட்டிருக்காது. புரதம், கொழுப்பு, நார், சாம்பல், ஈரப்பதம் ஐந்தின் சதவீதங்களையும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் மிச்சம் அதுதான். இங்கே கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் டுனா டின்களில் பல துணை உணவு மட்டுமே, அவற்றையே தொடர்ந்து கொடுத்தால் சத்துக் குறைபாடு வரும். 'கம்ப்ளீட்' என்று எழுதியிருப்பதை எடுங்கள். முக்கியமான ஒன்று: மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும். மருத்துவரிடம் சொல்லாமல் ஒரே நாளில் உணவை மாற்றிவிட்டுப் பழைய அளவையே போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். பட்டினி போட்டு இளைக்க வைக்கும் எண்ணமும் வேண்டாம். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்பு படிந்து அதுவே தனி ஆபத்தாகிவிடும்.

வெந்தயமும் பாகற்காயும் மாமனாருக்கு இருக்கட்டும். முத்துவின் வாயில் கசப்பை ஊற்றினால் அவன் சாப்பாட்டையே வெறுப்பான், அதனால் வரும் கெடுதல்தான் பெரிது. மாமனாரின் சர்க்கரை மாத்திரையும் கூடாது. பூனைகளுக்கென்றே மாத்திரையும் திரவ மருந்தும் வந்திருக்கின்றன: பெக்ஸாகிளிஃப்ளோசினுக்கு 2022-லும் வெலகிளிஃப்ளோசினுக்கு 2023-லும் அமெரிக்கா அனுமதி அளித்தது. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. ஆனால் அங்கே கொடுத்த அனுமதி, அதுவரை இன்சுலின் போடாத பூனைகளுக்குத்தான். முத்துவுக்கு ஊசி தொடங்கியாகிவிட்டது, அது நன்றாக வேலை செய்யும் வழியும்கூட. அதைவிட்டு மாறத் தேவையில்லை.

ஆயுள் முழுக்கவா என்றால், கட்டாயம் இல்லை. பூனைச் சர்க்கரை பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகையைப் போன்றது. சீக்கிரம் கண்டுபிடித்து, உணவை மாற்றி, முதல் சில மாதங்களில் நன்றாகக் கட்டுப்படுத்திய பூனைகளில் கணிசமானவை ஊசியே இல்லாமல் இருக்கும் நிலைக்கு வருகின்றன. திரும்ப வரவும் கூடும் என்பதால் கண்காணிப்பு தொடர வேண்டும். அரிப்புக்கோ வாய்ப்புண்ணுக்கோ ஸ்டீராய்டு ஊசி எப்போதாவது போட்டிருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், சர்க்கரையைக் கிளப்பிவிடுவதில் அதற்குப் பங்கு உண்டு. சொத்தைப் பல்லும் சிறுநீர்த் தொற்றும் இன்சுலினை வேலை செய்யவிடாது. அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாட்டை விட்டு, வாந்தி எடுத்து, சோர்ந்து கிடந்தால் ரத்தத்தில் கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது சேரும் அமிலம்) ஏறியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீவக தயக்கத்தை விடுங்கள். 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமமும் மைக்ரோசிப்பும் வேண்டும்.

தீபாவளிப் பயணத்தை ரத்து செய்ய வேண்டாம். முத்துவைக் கொண்டுபோகவும் வேண்டாம். வீட்டில் தங்குபவரோ பக்கத்து வீட்டுக்காரரோ, ஊசி போட மனம் துணிந்த ஒருவரை இப்போதே பிடித்து, உங்கள் கண் முன்னால் பல வேளை போட வையுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் ஊசி போடும் வசதியுள்ள மருத்துவமனையில் தங்க வைக்கலாம். பண்டிகைக் காலத்தில் இடம் சீக்கிரம் நிரம்பும், இந்த வாரமே கேட்டுவிடுங்கள். புறப்படும் முன் புதுக் குப்பி ஒன்று வாங்கி வைத்து, மருத்துவரின் எண்ணையும் செலவுக்குக் கொஞ்சம் வெள்ளியையும் முத்துவைப் பார்த்துக்கொள்பவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.